தங்கமும் துக்கமும்: கோலார் தங்கவயலில் பௌத்தம் எழுப்பிய வினா

துன்பத்துக்குக் காரணம் என்ன என்று கேட்பதும், துன்பத்துக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்பதும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வெவ்வேறு திசைகளில் செல்லும் கேள்விகள். முன்னது மெய்யியலின் கேள்வி. பின்னது வழக்குமன்றத்தின் கேள்வி. சமயங்கள் பெரும்பாலும் முன்னதற்கு விடை சொல்லிவிட்டுப் பின்னதைக் கடவுளிடமோ ஊழிடமோ ஒப்படைத்துவிடுகின்றன. தொழிற்சங்கங்களோ பின்னதைக் கையிலெடுத்துக்கொண்டு முன்னதைப் பொருட்படுத்துவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மைசூர் சமஸ்தானத்தின் கிழக்கு ஓரத்தில், கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கிய தமிழ்த் தொழிலாளருள் ஒரு பகுதியினர் இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே கேட்க முற்பட்டனர் என்பதும், அதற்கு அவர்கள் தேர்ந்துகொண்ட மொழி பௌத்தம் என்பதும் இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் போதிய கவனம் பெறாதவை. துக்கம் என்ற சொல்லிலிருந்தே தொடங்கும் ஒரு சமயத்தைத் துக்கத்தில் உழன்றவர்கள் ஏன் நாடினர், அது அவர்களைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கியதா, எதிர்த்து நிற்கப் பழக்கியதா என்பதே இங்கு ஆராயப்படுவது.

தங்கவயலின் நவீனத் தொடக்கம் 1875இல் மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரருக்கு மைசூர் அரசு வழங்கிய சுரங்க உரிமத்தோடு அமைகிறது. 1880இல் லண்டனில் மைசூர் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றியது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற நிர்வாக நிறுவனத்தின் கைக்குச் சுரங்கங்கள் வந்தபின், முதலீடு வீணாகிவிட்டதென்று பங்குதாரர் சோர்ந்திருந்த வேளையில், 1880களின் நடுப்பகுதியில் வளமான தங்கத்தாது வரி கண்டறியப்பட்டது. அதன்பிறகு சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் வரிசையாக ஆழமாகிக்கொண்டே போயின. எடுத்த தங்கத்தின் மதிப்பில் நூற்றுக்கு 5 பங்கு உரிமத்தொகையாக மைசூர் அரசுக்குச் சென்றது. காவிரி சிவனசமுத்திரத்தில் விழும் இடத்தில் எடுத்த மின்சாரம் 92 மைல் தொலைவு கம்பியில் பயணம் செய்து 1902இல் முதலில் வந்து சேர்ந்த இடம் இந்தச் சுரங்கங்களே. பெங்களூரின் தெருவிளக்குகள் 1905இலும், மன்னர் வாழ்ந்த மைசூர் நகரின் விளக்குகள் 1908இலுமே எரிந்தன. அரண்மனை நகரத்தை முந்திக்கொண்டு சுரங்கம் மின்சாரம் பெற்றது, அரசின் கணக்கில் எது முதன்மை பெற்றிருந்தது என்பதைக் காட்டப் போதுமானது.

அந்த மின்சாரம் இயக்கிய பொறிகளின் கீழே உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழர். அவர்களிலும் பெரும்பகுதி, அக்காலத்தில் பறையர் என்றும் பஞ்சமர் என்றும், பின்னர் ஆதிதிராவிடர் என்றும் குறிக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள். பஞ்சத்தாலும் பண்ணையடிமைத்தனத்தாலும் ஊரைவிட்டு நகர்ந்தவர்களுக்கு மேஸ்திரி முன்பணம் கொடுத்தார்; அந்த முன்பணமே புதிய கட்டாக மாறியது. மூங்கில் தட்டிகளால் மறைக்கப்பட்ட வீடுகள் வரிசையாக நின்ற குடியிருப்புகளுக்கு 'லைன்' என்று பெயர். இரும்புக் கூண்டில் இறங்கினால் வெப்பம் கூடிக்கொண்டே போகும். பிற்காலத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றபோது பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. ஆழத்தின் அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறும் நிகழ்வு தங்கவயலின் மாறாத அச்சமாக இருந்தது. வெடிக்காமல் விட்ட பாறையும் தன் தூளால் நுரையீரலை மெல்ல மெல்ல இறுகச் செய்தது.

இந்தத் துன்பத்துக்கு அன்றைய சமூகத்தில் ஆயத்தமாக ஒரு விளக்கம் இருந்தது: வினை. முற்பிறப்பில் செய்ததை இப்பிறப்பில் நுகர்கிறான் என்ற கொள்கை, இழிந்ததெனக் கருதப்பட்ட பிறப்பையும் அப்பிறப்புக்கு ஒதுக்கப்பட்ட வேலையையும் ஒரே வாக்கியத்தில் நியாயப்படுத்திவிடும். மைசூர் சமஸ்தானம் தன்னைத் தர்மத்தின் காவலனாகக் கருதிய அரசு. அங்கே தர்மம் என்ற சொல் ஒவ்வொருவரும் தத்தம் பிறப்புக்குரிய கடமையில் நிற்பதையும் சுட்டியது. நிறுவனத்துக்கு இந்த விளக்கத்தை உண்டாக்க வேண்டிய தேவையே இல்லை. அது முன்பே புழக்கத்தில் இருந்தது, பயன்படுத்திக்கொள்வதே எளிது. ஊரில் சேரியில் வாழ்ந்தவன் தங்கவயலில் லைனில் வாழ்வதும், ஊரில் இழிதொழில் செய்தவன் இங்கே பாதாளத்தில் உழைப்பதும் இயல்பான தொடர்ச்சியாகவே பார்க்கப்பட்டன. இதில் ஒரு விரிசல் மட்டும் இருந்தது. ஊரில் கூலி தானியமாக வரும், அதுவும் ஆண்டையின் மனம்போல. சுரங்கத்தில் அது காசாக, கணக்காக வந்தது. கணக்குப் பார்க்கத் தெரிந்தவனுக்கு வினைக்கொள்கை தரும் கணக்கும் சரிதானா என்ற ஐயம் எழுவது இயற்கை.

சமயத்தைக்கொண்டு தொழில்யுகத்தின் துன்பத்தை எதிர்கொள்வது உலகுக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் தகர, செப்புச் சுரங்கத் தொழிலாளரிடையே பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டு இயக்கம், அதாவது ஒழுங்கான வழிபாட்டையும் தன்னொழுக்கத்தையும் வலியுறுத்திய சீர்திருத்தக் கிறிஸ்தவம், ஆழமாக வேரூன்றியிருந்தது. அவ்வியக்கம் தொழிலாளரை ஆலையின் கட்டுப்பாட்டுக்குப் பணியப் பழக்கியதையும், அதே வேளையில் கூட்டம் நடத்தவும் பேசவும் சந்தா திரட்டவும் கற்றுக்கொடுத்து அவர்களைப் பிற்காலச் சங்கங்களுக்கு ஆயத்தமாக்கியதையும் வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்ப்சன் 1963இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டினார். கார்ன்வால் சுரங்கங்கள் நொடித்தபோது அங்கிருந்து கடல்கடந்தவர்களில் ஒரு பகுதியினர் தங்கவயலுக்கே வந்து மேற்பார்வையாளராக அமர்ந்தனர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. சமயத்தால் தம் துன்பத்தை எதிர்கொண்ட ஒரு தொழிலாளர் மரபின் பிள்ளைகள், மற்றொரு தொழிலாளர் கூட்டம் தன் துன்பத்துக்கு வேறொரு சமயத்தில் சொல் தேடியதை மேலே நின்று பார்த்தனர். பார்த்தும் அடையாளம் கண்டிருப்பார்களா என்பது ஐயமே.

தங்கவயலுக்குப் பௌத்தம் சென்னை வழியாக வந்தது. சித்த மருத்துவரும் தமிழறிஞருமான அயோத்திதாசர் (1845–1914), 1898இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, கொழும்பில் ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழ் அடுத்த ஆண்டு 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. சங்கத்தின் கிளைகள் திருப்பத்தூர், பெங்களூர், ஹூப்ளி, செகந்திராபாத், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் எனத் தமிழ்த் தொழிலாளரும் படைவீரரும் குடியேறிய தடத்தைப் பின்பற்றிப் பரவின. அவற்றுள் மிக வலுவானது தங்கவயலின் மாரிக்குப்பம் கிளை. எம். ஒய். முருகேசர் போன்ற புரவலரும், ஏ. பி. பெரியசாமிப் புலவர் போன்ற சொற்பொழிவாளரும், கோ. அப்பாதுரையார் போன்ற எழுத்தாளரும் அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். இதழ் நின்றுபோகாமல் இருக்கத் தங்கவயல் வாசகர்கள் கொடுத்த காசு பெரிதும் துணைநின்றது. அயோத்திதாசர் மறைந்து சில ஆண்டுகளில் தடைப்பட்டுப்போன 'தமிழன்' இதழ், 1926இல் அப்பாதுரையாரை ஆசிரியராகக்கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை மறுபடியும் அச்சிட்டது. தங்கம் தோண்டிய ஊர் பௌத்த நூல்களையும் வெளிக்கொணர்ந்த ஊராயிற்று.

இனி வினாவின் உள்ளே செல்லலாம். பௌத்தத்தின் நான்கு வாய்மைகளில் முதலாவது துக்கம் உண்டு என்பது. இரண்டாவது அதற்குக் காரணம் உண்டு என்பது. மூன்றாவது அது ஒழியக்கூடும் என்பது. நான்காவது ஒழிக்கும் வழி உண்டு என்பது. வழக்கமான வாசிப்பில் காரணமாகச் சொல்லப்படுவது வேட்கை. நாளெல்லாம் பாறையைக் குடைந்துவிட்டு அரைவயிற்றுக் கஞ்சியோடு திரும்புகிறவனிடம் உன் துக்கத்துக்குக் காரணம் உன் வேட்கை என்று சொன்னால் அது கொடுமையாகவே ஒலிக்கும். ஆனால் தமிழ்ப் பௌத்தர்கள் அழுத்தம் கொடுத்தது அந்த ஒற்றைக் காரணத்தைக் காட்டிலும் அதற்குப் பின்னால் நிற்கும் முறைமைக்கு: எதுவும் தானாகத் தோன்றுவதில்லை, ஒன்று இருப்பதால் மற்றொன்று தோன்றுகிறது, முன்னது நீங்கினால் பின்னதும் நீங்கும் என்ற சார்புக் கோட்பாடு. மணிமேகலை இதைப் பேதைமை தொடங்கி வினைப்பயன் வரை பன்னிரண்டு கண்ணிகளாக அடுக்கிக் காட்டுகிறது. ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த அந்தக் காப்பியத்தை உ. வே. சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்ததும், அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும் ஒரே 1898ஆம் ஆண்டில். ஒருவர் ஏட்டிலிருந்து மீட்டதை மற்றவர் சேரியிலிருந்து மீட்கப் புறப்பட்டார். இருவருக்கும் இடையே இருந்த தொலைவு அன்றைய சென்னையின் சாதிப் புவியியலை அறிந்தவர்களுக்கு விளங்கும். அந்தக் காப்பியத்தில் துக்கத்தின் முதல் வடிவம் தத்துவ வடிவம் அன்று, பசி. அமுதசுரபி ஏந்திய பெண் தேடிப்போவது சோறில்லாதவர்களை. தமிழ்ப் பௌத்தத்தில் துக்கத்துக்கு வயிறும் உண்டு என்பதை வடமொழி நூல்களைச் சாராமலே இவர்கள் காட்ட முடிந்தது.

சார்புக் கோட்பாட்டை அயோத்திதாசர் வரலாற்றின் மேல் திருப்பினார் என்பதே அவருடைய தனித்தன்மை. இன்று பறையர் என இழிவாக அழைக்கப்படுவோர் ஒருகாலத்தில் பூர்வ பௌத்தர், அதாவது இந்நாட்டின் முந்தைய பௌத்த மக்கள். ஒழுக்கத்தால் அந்தணரான யதார்த்த பிராமணரின் இடத்தைப் பிறப்பால் அந்தணரெனச் சொல்லிக்கொண்ட வேஷ பிராமணர் கைப்பற்றினர். அதை எதிர்த்தவர்களே தாழ்த்தப்பட்டனர் என்பது அவருடைய வாதம். 'இந்திரர் தேச சரித்திரம்', 'ஆதிவேதம்' முதலிய நூல்கள் இதைச் சொல்லாராய்ச்சியாலும் கதைகளாலும் நிறுவ முயல்கின்றன. தீபாவளியை எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டறிந்த நாளாகவும், போகியைப் போதிப் பண்டிகையாகவும் அவர் விளக்கினார். இவற்றை வரலாற்றுச் சான்றின் அளவுகோலால் அளந்தால் பல இடங்களில் நூலிழையே மிஞ்சும். அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் சில கவிஞனின் துணிச்சல் கொண்டவை. ஆனால் மெய்யியலின் தளத்தில் அவை செய்த வேலை வேறு. ஒரு சமூகத்தின் இழிநிலைக்கு முற்பிறப்பு காரணமென்றால் அதைத் திருத்த இப்பிறப்பில் யாராலும் இயலாது. வரலாறு காரணமென்றால் அதற்குத் தொடக்கம் உண்டு, தொடக்கம் உள்ளதற்கு முடிவும் உண்டு. இரண்டாம் வாய்மை இவ்வாறு மனத்தின் பகுப்பாய்விலிருந்து நாட்டின் வரலாறாக மாறியபோது, காரணம் என்ற கேள்விக்குள்ளேயே பொறுப்பாளி என்ற கேள்வியும் வந்து அமர்ந்தது.

இதற்கு வலுவான மறுப்பு பௌத்தத்தின் உள்ளிருந்தே எழும். பௌத்தமும் வினையையும் மறுபிறப்பையும் ஏற்பதாயிற்றே. புத்தரின் முற்பிறப்புக் கதைகளே நூற்றுக்கணக்கில் உள்ளனவே. வைதிக வினையை விட்டுப் பௌத்த வினைக்கு மாறுவதால் என்ன ஊதியம்? சென்னைப் பௌத்தருள் அறிவியல் பேராசிரியரான பொ. லட்சுமிநரசு இக்கேள்வியை நேர்நின்று எதிர்கொண்டார். 1907இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'பௌத்தத்தின் சாரம்' என்ற பொருள்படும் தம் நூலில், நிலையான ஆன்மா இல்லை என்று சொல்லும் ஒரு கொள்கை, ஓர் ஆன்மா உடல்விட்டு உடல் தாவுகிறது என்பதை ஏற்க முடியாது என்ற நிலையிலிருந்து அவர் வினையை விளக்கினார்: செயலின் விளைவு செய்தவனோடு மறைவதில்லை, அது அடுத்த தலைமுறையின் வாழ்வாக, பழக்கமாக, நிறுவனமாகத் தொடர்கிறது என்பதே அதன் பொருள். இந்த வாசிப்பில் சுரங்கத் தொழிலாளி நுகர்வது தன் பழைய பிறப்பின் பயனை அன்று, பிறர் செய்துவைத்ததன் பயனை. லட்சுமிநரசுவும் அவருடைய நண்பர் ம. சிங்காரவேலரும் ஒருபுறமும் அயோத்திதாசர் மறுபுறமுமாகச் சென்னைப் பௌத்தருக்குள் வேறுபாடுகள் முற்றின. முன்னவர்கள் பகுத்தறிவின் வழியிலும், பின்னவர் மக்களின் பழம்பெருமையை மீட்கும் வழியிலும் நின்றனர். தங்கவயல் பெருமளவு அயோத்திதாசர் பக்கம் சாய்ந்தது. இழந்த பெருமையை மீட்டுத் தரும் கதை, பகுத்தறிவின் குளிர்ந்த வாதத்தைவிட அங்கே அதிகம் தேவைப்பட்டிருக்க வேண்டும்.

ஆயினும் தொழிலாளியின் அன்றாடத்தைத் தொட்டது கோட்பாட்டைவிடச் சீலமே. பஞ்சசீலம் என்பது கொல்லாமை, கள்ளாமை, தகாத காமம் தவிர்த்தல், பொய்யாமை, கள்ளுண்ணாமை என்ற ஐந்து. திருக்குறளில் இவை ஒவ்வொன்றுக்கும் நிகரான அதிகாரம் இருப்பதால், அதைத் 'திரிக்குறள்' என்றே எழுதிப் பௌத்த நூலாகப் படித்த அயோத்திதாசருக்கு இந்த ஐந்தும் புதியவை அல்ல, மறந்துபோன பழையவை. தன்னொழுக்கத்தைப் போதிக்கும் சீர்திருத்தம் முதலாளிக்கே உதவுகிறது, குடிக்காத தொழிலாளி நேரத்துக்கு வேலைக்கு வருவான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. தங்கவயலில் இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இரண்டு சீலங்களைக்கொண்டு சோதிக்கலாம்.

முதலில் கள்ளாமை. பாலி மொழியில் இச்சீலத்தின் சொல்லமைப்பு 'கொடுக்கப்படாததை எடுத்தலிலிருந்து விலகுதல்' என்பது. தங்கவயலில் திருட்டு என்பது வெறும் ஒழுக்கக்கேடாக இருக்கவில்லை. அதுவே நிர்வாகத்தின் மாறாத கவலையாகவும், சட்டமியற்றும் தூண்டுதலாகவும் இருந்தது. மைசூர் சுரங்கச் சட்டம், கணக்குக் காட்ட முடியாதபடி தங்கமோ தங்கக் கலவையோ ஒருவரிடம் இருப்பதையே குற்றமாக்கியது. குற்றமற்றவர் என்று நிறுவும் சுமை பிடிபட்டவர் தலையில் விழுந்தது. சுரங்கத்திலிருந்து வெளிவரும் உடல் சோதிக்கப்படும் உடல். அத்தகைய இடத்தில் ஒருவர் தாமாக முன்வந்து கள்ளாமை என்ற சீலத்தை ஏற்பது நிறுவனத்தின் ஆணைக்குப் பணிவதாகத் தோன்றலாம். ஆனால் சோதனை என்பது பிறர் வைக்கும் ஐயம். சீலம் என்பது தனக்குத் தானே கொடுக்கும் சொல். தன்னைக் கள்வனென முன்கூட்டியே முடிவுகட்டிவைத்திருக்கும் ஓர் அமைப்பின் நடுவே, என் நேர்மைக்கு நானே சாட்சி என்று ஒருவன் சொல்வதில் பணிவைவிட மறுப்பே மிகுதி. மேலும், கொடுக்கப்படாததை எடுத்தல் என்ற தொடரை அதன் முழு நீளத்துக்கு நீட்டிப் படித்தால் அது யாரைச் சுட்டும் என்ற கேள்வியும் எழாமல் இராது. நிலத்தடியிலிருந்து வந்த பொன் லண்டனுக்குப் போயிற்று. உரிமத்தொகை மைசூருக்குப் போயிற்று. நுரையீரலில் படிந்த தூள் மட்டும் தொழிலாளியிடம் தங்கியது. இந்த வாசிப்பைத் தங்கவயல் பௌத்தர் தம் எழுத்தில் இவ்வளவு வெளிப்படையாகச் செய்யவில்லை. சீலத்தின் சொல்லமைப்பு அதற்கு இடம்கொடுத்தே நிற்கிறது.

அடுத்தது கள்ளுண்ணாமை. கள், சாராயம் ஆகியவற்றின் மேலான கலால் மைசூர் அரசின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. சுரங்கத்தில் கொடுத்த கூலியில் ஒரு பங்கு கடை வழியாக அரசுக்கே திரும்பியது. ஆகவே இங்கே குடிக்காத தொழிலாளி நிறுவனத்துக்கு ஆதாயம், அரசுக்கு இழப்பு. இவ்வளவு எளிதாகக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது என்பதும் உண்மை: வெப்பத்திலும் அச்சத்திலும் எட்டு மணி நேரம் கழித்தவனுக்குக் கடை ஒன்றே இளைப்பாறும் இடமாக இருந்தபோது, அவனுடைய குடியை ஒழுக்கத்தின் குறையாக மட்டும் காண்பது காரணத்தைப் பாதியில் நிறுத்துவதாகும். குடிக்கு எது சார்பு என்று கேட்டிருக்க வேண்டிய கோட்பாட்டாளர், குடியே சேரியின் தாழ்வுக்குச் சார்பு என்று சொல்லி நின்றுவிட்ட இடங்கள் உண்டு. இதே காலத்தில் கள்ளை நஞ்சென்று சொன்ன நாராயணகுருவின் சீடரான வாடப்புறம் பாவா, 1922இல் ஆலப்புழையில் கயிற்றுத் தொழிலாளருக்காகத் திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கத்தை அமைத்ததையும் நினைத்துப் பார்த்தால், தன்னொழுக்கம் சங்கத்துக்குத் தடையாகவே இருந்தாக வேண்டும் என்ற முடிவும் அவசரமானதே.

சீலம் எதிர்ப்பாக முடியாமல் போனதற்கு வேறொரு காரணம் இருந்தது. அது கோட்பாட்டில் இல்லை, கூட்டத்தில் இருந்தது. மாரிக்குப்பம் சங்கத்தைத் தாங்கியவர்களில் குத்தகைக்காரரும் வணிகரும் எழுத்தரும் இருந்தனர். திருமணத்தையும் ஈமச்சடங்கையும் புரோகிதரின்றித் தமிழில் நடத்தவும், புத்தரின் பிறந்தநாளைக் கொண்டாடவும், சொற்பொழிவும் வாசிப்பும் நடத்தவும் அவர்களால் முடிந்தது. நிறுவனத்தோடு மோதினால் அவர்களுடைய பிழைப்பே போகும். இதற்கும் மேலாக, அயோத்திதாசரின் வரலாற்றில் பொறுப்பாளியாக நிற்பவர் வேஷ பிராமணர். ஆங்கிலேயரோ சாதியின் பிடியைத் தளர்த்தி, பள்ளியையும் சம்பளத்தையும் திறந்துவிட்டவர். சுதேசி இயக்கத்தை அவர் ஐயத்தோடு பார்த்ததும் இதனாலேதான். ஊரில் ஆண்டையிடம் பட்டதை நினைத்துப் பார்ப்பவருக்கு லண்டன் நிறுவனம் கொடுக்கும் காசுக்கூலி விடுதலையாகத் தோன்றியதில் பிழை காண இயலாது. ஆனால் இதன் விளைவாக அவருடைய காரணச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டுப்போயிற்று. சாதி எப்படித் தோன்றியது என்பதற்கு அங்கே விடை உண்டு. அந்தச் சாதியைக் குறைந்த கூலியாக மாற்றிக்கொண்டவர் யார் என்பதற்கு விடை இல்லை.

சென்னையில் இந்த விடுபட்ட கண்ணி வேறுவிதமாகத் தேடப்பட்டது. பெரம்பூரில் வைணவ பஜனைச் சபை நடத்திவந்த செல்வபதிச் செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் அவதியைக் கண்டு தொடங்கிய முயற்சி, பிரம்மஞான சபையின் பி. பி. வாடியாவையும் திரு. வி. கலியாணசுந்தரனாரையும் சேர்த்துக்கொண்டு 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கமாயிற்று. பஜனைச் சபையிலிருந்து தொழிற்சங்கம் பிறந்தது பலருக்கும் வியப்பு. கூடுவதற்கு ஓர் இடமும் கூடியவரை நம்புவதற்கு ஒரு காரணமும் சமயமே தந்தது என்பதை உணர்ந்தால் வியப்பு அடங்கும். ஆனால் 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பணிக்குத் திரும்பியபோது சங்கம் சாதிவாரியாகப் பிளந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தங்கவயலின் பௌத்தம் முதலாளியைக் காணத் தவறியது என்றால், பெரம்பூரின் சங்கம் சாதியைக் காணத் தவறியது. இரண்டையும் கண்டவராகச் சொல்லத்தக்கவர் சிங்காரவேலர். சென்னையில் மகாபோதி சங்கத்தை நடத்திய அதே மனிதர் 1923 மே 1இல் இந்தியாவின் முதல் மே நாளைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். பௌத்தத்திலிருந்து அவர் பொதுவுடைமைக்குச் சென்ற பயணத்தைக் கைவிடல் என்று சிலர் எழுதுகின்றனர். காரணமின்றிக் காரியமில்லை என்ற அதே கொள்கையை அவர் கூலியின் மேலும் இலாபத்தின் மேலும் திருப்பினார் என்று கொள்வது இன்னும் பொருந்தும்.

தங்கவயலில் அந்தத் திருப்பம் 1930இல் வந்தது. தொழிலாளர் ஒவ்வொருவரும் விரல்ரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்துச் சுரங்கங்கள் அனைத்திலும் வேலை நின்றது. வழிநடத்த முறையான தொழிற்சங்கம் ஏதும் இல்லாமலே ஏறத்தாழ மூன்று வாரம் அது நீடித்தது. அடையாளம் காண விரல்ரேகை எடுப்பது அக்காலத்தில் குற்றவாளிகளுக்குரிய முறை. கூலி உயர்வுக்காக எழாத அளவு ஒற்றுமை இந்தக் கட்டைவிரலுக்காக எழுந்தது ஏன் என்பதைக் கூலிக்கணக்கால் மட்டும் விளக்க இயலாது. கால்நூற்றாண்டாக நேர்மையைத் தன் சொந்தச் சொத்தாகக் கருதக் கற்றுக்கொண்டிருந்த ஒரு குடியிருப்பில், கள்வன் என்ற முத்திரையை உடலில் ஏற்க மறுப்பது வேர்கொள்ள நிலம் பண்பட்டிருந்தது என்று கருத இடமுண்டு. வேலைநிறுத்தம் செய்தவர்கள் எல்லாரும் பௌத்தர் அல்லர் என்பதும், மாரியம்மன் கோயிலுக்கும் மாதாகோயிலுக்கும் செல்வோரே மிகுதி என்பதும் இங்கு மறக்கத்தக்கவை அல்ல. 1940களில் கே. எஸ். வாசன், வி. எம். கோவிந்தன் போன்ற பொதுவுடைமையாளர் காலத்தில் சங்கங்கள் வலுப்பெற்றன. 1946 நவம்பரில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். பொறுப்பாளி யார் என்ற கேள்வி அப்போது தெருவுக்கே வந்துவிட்டது.

காரணம் என்ற பழைய கேள்வி அதனால் முடிந்துவிடவில்லை. லட்சுமிநரசுவின் நூலை 1948இல் அம்பேத்கர் தம் முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். 1956 நவம்பரில் காட்மாண்டுவில் நிகழ்ந்த உலக பௌத்தர் மாநாட்டில் புத்தரையும் கார்ல் மார்க்ஸையும் ஒப்பிட்டுப் பேசியபோது, துக்கம் என்ற சொல்லின் இடத்தில் சுரண்டல் என்பதை வைத்துப் பார்த்தால் இருவரும் வெகுதொலைவில் இல்லை என்ற கருத்தை அவர் முன்வைத்தார். அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையிலோ, நான்கு வாய்மைகள் புத்தரின் மூல உபதேசத்தைச் சேர்ந்தவைதாமா, பிறப்பே துக்கம் என்றால் மனிதனுக்கு நம்பிக்கை எங்கே என்று இன்னும் கடுமையாகக் கேட்டார்; வினையும் மறுபிறப்பும் ஆன்மா இல்லை என்ற கொள்கையோடு எப்படிப் பொருந்தும் என்பதையும் தீர்க்கப்படாத சிக்கல்களுள் ஒன்றாக வைத்தார். இந்தக் கேள்விகளைப் பேரறிஞர் ஒருவரின் புதுமை என்று கருதுவோர், அவற்றுள் பாதியையேனும் ஒரு பைசா விலையுள்ள இதழைச் சுரங்கத்திலிருந்து மேலேறி வந்தவர்கள் கூடி வாசித்த மாரிக்குப்பத்தில் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுப்பினர் என்பதை அறிந்திருப்பதில்லை. அம்பேத்கர் நாகபுரியில் தீட்சை பெற்ற அதே 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தேசவுடைமையாக்கியது. லண்டன் நிறுவனம் வெளியேறியது. பாறை வெடிப்பும் தூளும் அங்கேயே இருந்தன. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, கேள்வி கேட்கப்பட வேண்டிய நிறுவனமும் இல்லாமல் போனது. சயனைடு கலந்த கழிவு மண் மலைகளாகக் குவிந்து கிடக்கும் ஊரிலிருந்து இன்று விடியலுக்கு முன் மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் அந்தத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்கின்றனர்.